டிஸ்க் தொலைந்தால் குடி முழுகிப் போகாது!

நம் வீட்டு பீரோவின் உள்ளறையில் என்னென்ன இருக்கும்? ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஃப்ரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் கொடுத்த காரண்டி அட்டைகள், அடகுக்கடை ரசீது ஒன்றிரண்டு. இப்போது பல வீடுகளில் இவற்றோடு ஒரு சி.டி.யோ டி.வி.டி.யோ சேர்ந்து கிடக்கிறது. "கம்ப்யூட்டரோட குடுத்தது, பத்திரமா வை" என்று வீட்டு ஆண்கள் சொல்லியிருப்பார்கள். எதற்கு என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது!

ஒரு நாள் கம்ப்யூட்டர் கிளம்ப மறுக்கும். நீலத்திரையோ கறுப்புத் திரையோ வந்து நிற்கும். அன்றைக்குத்தான் பீரோவைக் குடைவோம். டிஸ்க் அகப்படாது. அகப்பட்டாலும் கீறல் விழுந்திருக்கும், படிக்காது. "டிஸ்க் இல்லையா? அப்ப ஒண்ணும் செய்ய முடியாதே" என்று கடைக்காரர் கையை விரிப்பார். பிள்ளையின் படிப்பு, குடும்பப் படங்கள் எல்லாம் போயிற்றே என்று நமக்கு வயிற்றைக் கலக்கும்.

கலங்க வேண்டாம் சகோதரிகளே. நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். கம்ப்யூட்டர் வகுப்பு எதற்கும் போனதில்லை. எங்கள் வள்ளூர்ப் பக்கம் படித்த பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், எங்கள் குடும்பத்திலேயே பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். நாம் இயந்திரத்தைப் பிரித்து மேய வேண்டியதில்லை. கடைக்காரர் சொல்வது சரியா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

அந்த டிஸ்கில் என்னதான் இருக்கிறது?

கம்ப்யூட்டர் என்பது புதிதாகக் கட்டிய வீடு மாதிரி. சுவரும் கூரையும் இருந்தால் மட்டும் அடுப்பு எரியுமா? கரண்டு, தண்ணீர், கேஸ் எல்லாம் வந்தால்தானே குடியிருக்க முடியும்? அந்த வசதிகளை எல்லாம் செய்துகொடுப்பதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயங்குதளம் என்கிறார்கள். விண்டோஸ் என்பது அதில் ஒரு வகை. லினக்ஸ் இன்னொரு வகை.

அந்த இயங்குதளத்தை இயந்திரத்துக்குள் ஏற்றுவதற்கான ஒரு பிரதிதான் டிஸ்க். நாம் பணம் கொடுத்து வாங்கியது அந்தத் தட்டை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமையை. கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். காலி சிலிண்டர் போகும், வேறு சிலிண்டர் வரும். எந்த சிலிண்டர் என்று நாம் பார்க்கிறோமா? கனெக்‌ஷன் நம் பெயரில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். டிஸ்க் சிலிண்டர் மாதிரி. உரிமைதான் கனெக்‌ஷன். உரிமை இருந்தால் வேறு பிரதி கிடைக்கும், அதுவும் காசில்லாமல்.

உரிமைக்கு அடையாளம் எங்கே இருக்கும்? விண்டோஸ் 7 வரைக்கும் வந்த இயந்திரங்களில், லேப்டாப்பின் அடிப்பக்கத்திலோ பெட்டியின் பக்கவாட்டிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதில் ஐந்தைந்தாக 25 எழுத்துகளும் எண்களும் இருக்கும். கை பட்டுப் பட்டு அது அழிந்துவிடும். அப்படிப்பட்ட பழைய இயந்திரம் உங்களிடம் இருந்தால், இன்றைக்கே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். 2012-ல் விண்டோஸ் 8 வந்த பிறகு, விண்டோஸோடு விற்ற லேப்டாப்களில் அந்த எண்ணைக் கம்பெனிக்காரர்களே தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில், பதித்து அனுப்புகிறார்கள். ஸ்டிக்கரும் வேண்டாம், எழுதி வைக்கவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். இப்போது வரும் லேப்டாப்களோடு பெரும்பாலும் டிஸ்க் கொடுப்பதே இல்லை. டிஸ்க் போடும் வாயே பலவற்றில் கிடையாது. டிஸ்குக்குப் பதிலாக, இயந்திரத்தின் உள்ளேயே ஒரு மூலையில் பிரதியை ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஆகவே, "டிஸ்க் எங்கே?" என்று யாராவது கேட்டால், நாம் தொலைத்துவிட்டோமோ என்று பதற வேண்டியதில்லை. கொடுத்திருந்தால்தானே தொலைப்பதற்கு!

அண்ணி வீட்டு லேப்டாப்

திருவொற்றியூரில் என் அண்ணன் வீடு. 2021 மே மாதம் கொரோனா இரண்டாவது அலையில் அண்ணன் போய்விட்டார். அவர் 2016-ல் பையன் படிப்புக்காக ஒரு லேப்டாப் வாங்கியிருந்தார். தன் போனில் எடுத்த படங்களை மாதம் ஒரு தடவை அதில் ஏற்றி வைப்பது அவர் வழக்கம். பெண்ணின் மஞ்சள் நீராட்டு, வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனது, எண்ணூர் கடற்கரையில் பிள்ளைகளோடு பேசிச் சிரித்துக்கொண்டு எடுத்த வீடியோ என்று எல்லாம் அதில்தான். அவர் குரல் என்று மிஞ்சியதும் அது ஒன்றுதான்.

அடுத்த வருஷம் அந்த லேப்டாப் கிளம்பாமல் நின்றுவிட்டது. அண்ணி அதைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டு எனக்குப் போன் செய்தார்.

"டிஸ்க் இல்லாம எதுவும் பண்ண முடியாதாம்மா. அவரே டிஸ்க் போட்டுக் குடுக்க ஆயிரத்து ஐந்நூறாம். ஆனா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடுமாம். சரின்னு சொல்லிடட்டுமா?"

"அண்ணி, எதுவும் சொல்லாதீங்க. லேப்டாப்பைக் கையோட வாங்கிட்டு வீட்டுக்கு வாங்க. நான் இதோ கிளம்பறேன்" என்றேன்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி பாலிடெக்னிக் படித்தவன். அவனையும் கூட்டிக்கொண்டு, அத்திப்பட்டு புதுநகரில் ரயிலேறிப் போனோம். அண்ணி பீரோவிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்துக் கொடுத்தார். அவன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது விண்டோஸ் இல்ல ஆன்ட்டி, பிரிண்டரோட வந்த டிஸ்க்" என்றான். பிறகு தன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து லேப்டாப்பில் செருகினான். அதில் உபுண்டு என்கிற லினக்ஸ் இருந்தது. உள்ளே எதையும் ஏற்றாமல், அழிக்காமல், பென் டிரைவிலிருந்தபடியே லேப்டாப்பைக் கிளப்பினான். இப்படி ஒரு வழி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அண்ணன் பெயர் போட்ட ஃபோல்டர் அப்படியே இருந்தது.

முதலில் படங்களை எல்லாம் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்தான். அதன் பிறகுதான் விண்டோஸைப் புதிதாக ஏற்றினான். லேப்டாப்பின் உள்ளேயே இருந்த பிரதி போதுமானதாக இருந்தது. டிஸ்கும் கேட்கவில்லை, எண்ணும் கேட்கவில்லை. சாப்பிட்டு எழுந்த நேரத்தில் வேலை முடிந்தது. அண்ணி அந்த வீடியோவைப் போட்டார். பாதி ஓடுவதற்குள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். நாங்கள் யாரும் பின்னால் போகவில்லை.

எல்லாக் கடைக்காரர்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல மனசோடு வேலை செய்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கடைக்காரருக்கு அது ஒரு பழைய லேப்டாப். நமக்கு அப்படியா? ஆகவே கடையில் கொடுக்கும்போது நாம் முதலில் சொல்ல வேண்டியது: "உள்ள இருக்கற படம், பேப்பர் எல்லாம் எடுத்து வெச்சிட்டு அப்புறம் ஏத்துங்க. எடுக்காம கை வைக்காதீங்க."

புதுப் பிரதி எங்கே கிடைக்கும்?

1. முதலில் இயந்திரத்துக்குள்ளேயே பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும், கிளம்பிக்கொண்டிருக்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், தானே பழுது பார்க்கும் பக்கம் ஒன்று வரும். அதில் 'டிரபிள்ஷூட்', அதனுள் 'ரீசெட் திஸ் பி.சி.' என்று இருக்கும். அங்கே இரண்டு வழி காட்டும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் நம் படங்களும் கடிதங்களும் இருக்கும், பிறகு நாம் ஏற்றிய புரோகிராம்கள் மட்டும் போகும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் துடைத்த பலகைதான்! அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிடாதீர்கள்.

2. அது சரிப்படவில்லையா? மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் சொந்த இணையதளத்திலேயே பிரதியைக் காசில்லாமல் கொடுக்கிறார்கள். நன்றாக ஓடும் வேறொரு கம்ப்யூட்டரும், 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றும் வேண்டும். 'மீடியா கிரியேஷன் டூல்' என்பதை இறக்கினால், அதுவே பென் டிரைவைத் தயார் செய்துவிடும். பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள். நிறைய டேட்டா பிடிக்கும். செல்போன் டேட்டாவை நம்பாமல், வைஃபை உள்ள வீட்டில் செய்வது நல்லது.

3. ஏற்றும்போது எண்ணைக் கேட்டால், 'எண் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து மேலே போகலாம். முன்பு இருந்த அதே வகையை, ஹோம் என்றால் ஹோம்தான், ஏற்ற வேண்டும். இன்டர்நெட் கிடைத்ததும் தாய்ப்பலகையை அடையாளம் கண்டுகொண்டு உரிமை தானே வந்து சேரும்.

4. புது லேப்டாப் உள்ளவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 வந்த பல லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். பழுதானால் 48 இலக்கச் சாவி ஒன்று கேட்கும். லேப்டாப்பை முதன்முதலில் திறந்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். எந்த மெயில் முகவரி, என்ன பாஸ்வேர்டு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போன பிறகு தேடினால் கிடைக்காது.

5. ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால், கோளாறு விண்டோஸில் அல்ல. எந்தப் பிரதியை ஏற்றினாலும் நிற்காது. உடனே அணைத்துவிட்டு, உள்ளே இருப்பதை மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் இருப்பதும் போய்விடும்.

திருட்டு டிஸ்க் வேண்டாம்

ஒரு காலத்தில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் சினிமா சி.டி. விற்ற மாதிரியே கள்ளப் பிரதி டிஸ்க்குகளும் கிடைத்தன. இன்றைக்கு அது பென் டிரைவாக மாறியிருக்கிறது. "ஒரிஜினல் மாதிரியே ஓடும்" என்பார்கள். சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபுறம். தெருவில் யாரோ கொடுத்த மருந்தைப் பிள்ளைக்கு ஊட்டுவோமா? அந்தப் பிரதிக்குள் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மேலும், கள்ளப் பிரதி வைத்திருப்பவர்கள் பிடிபட்டுவிடுவோமோ என்று பயந்து, கம்பெனி அனுப்பும் திருத்தங்களை வரவிடாமல் நிறுத்திவிடுகிறார்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற கிருமி ஏறத்தாழ 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அதைத் தடுக்கும் திருத்தத்தை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. ஏற்றிக்கொண்டவர்கள் தப்பினார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிற மாதிரிதான் இதுவும்.

இதே காரணத்தால், பழைய விண்டோஸ் டிஸ்க் கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு அதை ஏற்றவும் வேண்டாம். எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு பொதுவான திருத்தங்கள் முடிந்துவிட்டன. அந்த இயந்திரங்களில் பாங்க் வேலை செய்வது நல்லதல்ல.

விண்டோஸ் தவிர வேறு வழியும் உண்டு

பழைய இயந்திரம் விண்டோஸ் 11-ஐத் தாங்காது என்றால் அதைக் காயலான் கடைக்குப் போட வேண்டுமா? வேண்டாம். லினக்ஸ் இருக்கிறது. அதற்கு உரிமைக்கட்டணம் கிடையாது. யாரும் இறக்கலாம், பிரதி எடுத்து அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம். அது திருட்டு ஆகாது.

நம் நாட்டிலேயே செய்த லினக்ஸ் ஒன்று உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' அது. தமிழிலேயே மெனு காட்டும். 2011 செப்டம்பர் 15 அன்று, நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்தான் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்தத் திட்டத்தில் பின்னால் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்திருந்ததைப் பல தாய்மார்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்று படுத்தாலும் இன்னொன்று கிளம்பும். "இது எதுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டு" என்று பிள்ளைகள் அழித்துவிடுவது வழக்கம். இடம் இருந்தால் அது இருந்துவிட்டுப் போகட்டுமே!

டிஸ்கைத் தபாலில் வீடு தேடி அனுப்பிய காலமும் உண்டு. 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய சி.டி.யைச் சென்னையில் வெளியிட்டது. கேட்டவர்களுக்கு இலவசமாக அனுப்பினார்கள். உபுண்டுக்காரர்களும் 2005 முதல் 2011 வரை உலகம் முழுவதும் கேட்டவர்களுக்கு சி.டி. அனுப்பினார்கள். இன்றைக்குத் தபாலுக்கும் காத்திருக்க வேண்டாம், நேராக இறக்கிக்கொள்ளலாம்.

கையில் இருக்கும் டிஸ்கைக் காப்பது எப்படி?

* டிஸ்கின் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் நாம் பொத்திப் பொத்திப் பார்ப்போம். சி.டி.யில் மேல்பக்கம்தான் இன்னும் மென்மை. படிக்கப்படும் உலோகப் பூச்சு, பெயர் அச்சிட்ட பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அதில் அழுத்தி எழுதாதீர்கள். டி.வி.டி.யில் அந்தப் பூச்சு இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருக்கும்.

* துடைக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நேர்க்கோட்டில் துடையுங்கள். தட்டு கழுவுவது போல வட்டமாகத் தேய்த்தால், விழும் கீறல் பதிவின் வழியோடேயே ஓடிப் பெரிய பகுதியைக் கெடுத்துவிடும்.

* எங்கள் எண்ணூர்ப் பக்கக் கடற்காற்றில் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்கிறோம். டிஸ்கின் உலோகப் பூச்சும் காற்றும் ஈரமும் பட்டால் கெடும். உறையில் போட்டு, நிமிர்த்தி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். அந்துருண்டை போட்ட துணிகளோடு வேண்டாம்.

* டிஸ்க் நன்றாகப் படிக்கும்போதே பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 95 ஃப்ளாப்பியில் வந்த காலத்தில் 13 ஃப்ளாப்பிகள் வரிசையாகப் போட வேண்டும். ஒன்று கெட்டாலும் மற்ற 12-ம் வீண்! நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

ஒரு பிரதி விலகியே இருக்கட்டும்

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளில் 'மேர்ஸ்க்' என்ற பெயரை நாங்கள் தினமும் பார்க்கிறோம். டென்மார்க் நாட்டுக் கப்பல் கம்பெனி அது. 2017 ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' என்ற கிருமி தாக்கியதில் அவர்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிட்டன. மும்பை நவசேவா துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையத்திலும் வேலை நின்றது. 45,000 கம்ப்யூட்டர்களிலும் 4,000 சர்வர்களிலும் பத்தே நாளில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார்கள். இயங்குதளத்துக்குப் பிரதி கிடைப்பதில் சிரமமில்லை. யார் யார், எந்த இயந்திரம் எங்கே என்று காட்டும் அவர்களுடைய சொந்தக் குறிப்புத்தான் எங்கும் அழிந்துபோயிருந்தது. தேடித் தேடிக் கடைசியில், ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது. கிருமி பரவிய நேரத்தில் அங்கே மின்வெட்டாம்! கரண்டு இல்லாததால் அது மட்டும் தப்பியது.

மின்வெட்டைத் திட்டியே பழகிய எனக்கு இதைக் கேட்டு ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்குக் கிடைத்த பாடம் நமக்கும் பொருந்தும். இயங்குதளம் எத்தனை தடவை போனாலும் திரும்ப வரும். நம் வீட்டுப் படமும், பிள்ளையின் புராஜெக்டும், போனவர்களின் குரலும் போனால் எந்தக் கம்பெனியும் அனுப்பித் தராது. அவற்றுக்கு ஒரு பிரதி, லேப்டாப்போடு செருகியே வைக்காமல், தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். முடிந்தால் அதையும் அம்மா வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். எங்கள் பக்கம் 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு, ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைப்பது புத்திசாலித்தனம் அல்ல என்று புரிந்துகொண்டோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளைக் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படங்களுக்கு ஒரு பிரதி, பென் டிரைவில் ஓர் இயங்குதளம், நோட்டில் மெயில் முகவரி. மூன்றே வேலைதான். மாவு அரைத்து எடுப்பதற்குள் முடித்துவிடலாம்.